காணாமல் போனவர்கள் பந்தலுக்கு ஒரு கேமரா

கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் நான் வேலை செய்ததைப் பார்த்திருக்க மாட்டீர்கள். போன வாரம் முதலாளியின் மகன் வீட்டுக்கு வந்து, "அக்கா, புதுசா சேர்ந்திருக்கிறவங்களுக்கு ஒரு நாள் வந்து ஏதாவது சொல்லுங்களேன்" என்றார். வந்து பேசுவதைவிட எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். கடைப் படி ஏற முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அதோடு, நான் பேசிக்கொண்டிருக்கும்போது கஸ்டமர் வந்தால் நீங்கள் பாதியில் எழுந்து போவீர்கள். போகவும் வேண்டும்.

எண்பத்தொன்பதில் நான் இந்தக் கடையில் சேர்ந்தபோது ஃபிலிம் ரோலும் ஆல்பமும் ஃபிரேமும்தான் வியாபாரம். கோயிலுக்கு வருகிறவர்கள் ரோல் வாங்குவார்கள், பாதிப் பேருக்கு அதைக் கேமராவில் மாட்டியும் கொடுக்க வேண்டும். ரெண்டாயிரத்துக்கு மேல் டிஜிட்டல் வந்தது. பில் போடுவது, ஸ்டாக் எடுப்பது எல்லாம் உங்களுக்கு மற்றவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். நான் சொல்ல நினைப்பது ஒன்றே ஒன்று: இதுவரை கேமராவையே தொடாத ஒருவர், குறைந்த விலையில் முதல் கேமரா வாங்க வந்தால் அவரிடம் எப்படி நடந்துகொள்வது என்பது. விலை உயர்ந்த கேமரா வாங்குகிறவர் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் வருவார், நம்மிடம் பெட்டியை மட்டும் வாங்கிக்கொள்வார். முதல் கேமரா வாங்க வருகிறவருக்குத்தான் நாம் தேவை.

இதை நான் தெரிந்துகொண்டது தனலட்சுமி என்கிற ஒரு கஸ்டமரால். அவர் அடி அண்ணாமலையில் அங்கன்வாடி டீச்சர். நாற்பது வயது இருக்கும். குரல் கணீரென்று இருக்கும், நாள் முழுக்கக் குழந்தைகளை மேய்க்கிற குரல். கூட வந்தவர் சேகர், அதே ஊரில் மைக் செட் வைத்திருப்பவர். ஒரு இடத்தில் நிற்க மாட்டார். தனலட்சுமி ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் சேகர் எங்கள் ஷோகேஸ் முழுவதையும் பார்த்துவிட்டு வந்துவிட்டார்.

"டிஜிட்டல் கேமரா ஒண்ணு வேணும்மா. விலை கம்மியா இருக்கணும். எனக்குக் கேமராவைப் பிடிக்கவே தெரியாது, அதையும் இப்பவே சொல்லிடறேன்" என்றார் தனலட்சுமி.

"எதுக்குங்க வேணும்?" என்று கேட்டேன்.

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அவர்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து கிரிவலப் பாதையில் ஒரு பந்தல் போடுகிறார்களாம். கூட்டத்தில் தவறிப்போனவர்களை அங்கே உட்கார வைத்து, மைக்கில் சொல்லி, வீட்டாரோடு சேர்த்து அனுப்புவது. பாதை நெடுக இதுபோல வேறு பந்தல்களும் உண்டு. ஒரு பந்தல் மைக் இன்னொரு பந்தலுக்குக் கேட்காது.

"போன மாசம் ஒரு பாப்பாங்க" என்றார் சேகர். "பச்சைக் கவுனு. அடுத்த பந்தலுக்குப் போன் போட்டு, பச்சைக் கவுனு போட்ட பாப்பாவைத் தேடி யாராவது வந்தாங்களான்னு கேக்கறேன். அவன் சொல்றான், என்கிட்டயே மூணு பச்சைக் கவுனு உக்காந்து அழுதுட்டிருக்கு, நீ வேறயான்னு."

"மூஞ்சியைக் காட்டினா வேலை முடிஞ்சிடும் இல்லையா?" என்றார் தனலட்சுமி. "போட்டோ எடுத்து அடுத்த பந்தல்ல காட்டலாம்னு ஒரு யோசனை. அவ்ளோதாம்மா."

அதற்குள் முதலாளி எழுந்து வந்தார். புதிதாக வந்திருந்த ஒரு வெள்ளி நிறக் கேமராவை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார். சோப்புக் கட்டியைவிடச் சன்னமாக இருக்கும். "இதைப் பாருங்கம்மா. மெகாபிக்சல் ஜாஸ்தி. பாக்கெட்ல வெச்சிக்கலாம். விலையும் இப்ப குறைச்சிருக்கான்." முதலாளி ஏமாற்றுகிற ஆள் இல்லை. அன்றைக்கு எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள், அவரும் அதைத்தான் காட்டினார். சேகரின் கை தானாக அதன்மேல் போனது.

நான் தனலட்சுமியிடம் மட்டும் கேட்டேன். "பந்தல்ல கரண்ட் இருக்குங்களா?"

"ஜெனரேட்டர் இருக்கு. அது மைக்குக்கும் லைட்டுக்குமே பத்தாது."

"சார்ஜ் தீந்துபோச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

அவர் சேகரைப் பார்த்தார். சேகர் வெள்ளிக் கேமராவைக் கண்ணாடிமேல் திருப்பி வைத்தார்.

அதற்கு அந்தக் கம்பெனி பேட்டரி மட்டும்தான் சேரும். தீர்ந்தால் மறுபடி சார்ஜ் ஏற்றும்வரை அது வெறும் டப்பா. நான் கீழ்த்தட்டிலிருந்து வேறொன்றை எடுத்தேன். கறுப்பு பிளாஸ்டிக், தடியாக இருக்கும், யாரும் கேட்காமல் கிடந்தது. இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் ஓடும், கடிகாரத்துக்குப் போடுவோமே அந்த அளவு. அவசரத்துக்கு வழியில் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். பின்னால் திரை இருந்தது, அதற்கு மேலே கண்ணை வைத்துப் பார்க்கிற சின்ன ஜன்னலும் இருந்தது. மெகாபிக்சல் கம்மிதான். ஒரு முகம் தெளிவாகத் தெரிய அது போதும்.

"செங்கல்லு மாதிரி இருக்குதே" என்றார் சேகர்.

"செங்கல்னா கை நடுங்காது" என்றார் தனலட்சுமி. வாங்கிப் பிடித்துப் பார்த்தார். அவர் கைக்கு அது சரியாக இருந்தது.

இன்னொன்றையும் பார்த்துத்தான் அதை எடுத்தேன். அந்த நாளில் கம்பெனிக்குக் கம்பெனி மெமரி கார்டு வேறு வேறு. சிலதை நம் ஊரில் எந்த மெஷினும் படிக்காது, சென்னைக்குத்தான் எடுத்துப் போக வேண்டும். நம் கடை பிரிண்ட் மெஷின் படிக்கிற கார்டு போடும் கேமராவா என்று பார்த்தேன். படம் எடுப்பதோடு வேலை முடிவதில்லை. படம் எங்கே போய்ச் சேர வேண்டுமோ அதுவரை யோசித்துத்தான் கேமரா எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ரீசார்ஜபிள் பேட்டரி இரண்டு ஜோடி கொடுத்தேன், ஒரு சார்ஜரும். பெட்டியிலிருந்து எடுத்த உடனே போடக் கூடாது, முதலில் முழுக்க சார்ஜ் ஏற்ற வேண்டும் என்றேன். சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் இறங்கும், அதனால் பௌர்ணமிக்கு முந்தின நாள் திரும்ப ஏற்றுங்கள் என்றேன். இந்த ஜோடியை அந்த ஜோடியோடு கலக்கக் கூடாது என்றதும், தனலட்சுமி கைப்பையிலிருந்து சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து ஒரு ஜோடிக்கு அங்கேயே பொட்டு வைத்துவிட்டார். எங்கள் கடையில் அதன் பிறகு எத்தனையோ பேருக்கு நான் இதைச் சொல்லியிருக்கிறேன். யோசனை அவருடையது.

அடுத்த வாரம் அங்கன்வாடிப் பிள்ளைகளைப் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். ஒரு படத்திலும் தலை இல்லை. பட்டனைப் பாதி அழுத்தி, ஒரு மூச்சு நிறுத்தி, அப்புறம் முழுக்க அழுத்துங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது முறை வந்தபோது எல்லாப் பிள்ளைகளுக்கும் தலை இருந்தது. பௌர்ணமிகள் நன்றாகத்தான் போயின. படம் எடுப்பார்கள், யாராவது கேமராவை எடுத்துக்கொண்டு அடுத்த பந்தலுக்கு ஓடித் திரையில் காட்டுவார்கள், குழந்தை வீட்டாரோடு போய்விடும்.

பிறகு ஒரு சித்திரா பௌர்ணமி வந்தது. கூட்டம் வழக்கத்தைவிட ஜாஸ்தி. நான் மதியமே கடையில் சொல்லிவிட்டு மலை சுற்றக் கிளம்பினேன். அடி அண்ணாமலை வரும்போது சாயங்காலம். தண்ணீர் குடிக்கலாம் என்று பந்தலுக்குள் போனேன்.

உள்ளே பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, வேட்டி. வலது கை மடியில் கிடந்தது, அசையவில்லை. முகம் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பக்கவாதம் வந்தவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. அந்த ஊர்க் கோயில் மதில் ஓரமாக விழப்போனவரை யாரோ தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்து விட்டிருந்தார்கள். பேச்சு இல்லை. ஒரு சத்தம் மட்டும் வரும். சட்டைப் பையில் ஒன்றும் இல்லை.

தனலட்சுமி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். "ஏ ஊரு அண்ணா?" என்று கேட்டதும் அவர் தனலட்சுமியின் முந்தானையை இடது கையால் பிடித்துக்கொண்டாராம். ஆந்திராப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பது மட்டும் தெரிந்தது. மைக்கில் தெலுங்கிலும் தமிழிலும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். யாரும் வரவில்லை. போலீஸ்காரர்களுக்கும் சொல்லியாகிவிட்டது. அவர்கள் திருப்பிக் கேட்டார்கள்: வெள்ளைச் சட்டை, வேட்டின்னா எத்தனை பேருங்க?

கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை அவர் எழுந்து கூட்டத்துக்குள் போகப் பார்த்தார். இரண்டு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள். அந்த நெரிசலில் தடுமாறி விழுந்தால் மிதிபடாமல் தூக்க முடியாது. மொபெட்டில் ஏற்றிப் பந்தல் பந்தலாகக் காட்டலாம் என்றால், ஒரு பக்கம் பிடிமானம் இல்லாதவர், ஏறவும் மாட்டேன் என்கிறார். தண்ணீர் கொடுத்தால் தள்ளிவிட்டார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. மாத்திரை சாப்பிடுகிற ஆளாக இருப்பார், எப்போது சாப்பிட்டார், தெரியாது. ஆந்திராவிலிருந்து வருகிறவர்கள் ஊரோடு சேர்ந்து ஒரே பஸ்ஸில் வருவார்கள். சுற்றி முடித்ததும் பஸ் கிளம்பிவிடும்.

"போட்டோ எடுத்தீங்களா?" என்றேன்.

தனலட்சுமி கேமராவை நீட்டினார். "பாருங்கம்மா. ஆன் பண்ணா லென்ஸ் வெளிய வருது, உடனே செத்துப்போவுது."

பேட்டரிக் கதவைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது நான் கொடுத்த பேட்டரி இல்லை. சிவப்புப் பொட்டும் இல்லை, கம்பெனியும் வேறு. மேலே பெரிய எழுத்தில், எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்று ஏதோ பெரிய நம்பர் போட்டிருந்தது. சேகர் முகம் சிறுத்துவிட்டது.

"நேத்து எங்க ஊர்ல டிரான்ஸ்பார்மர் போச்சுங்க. நம்ம பேட்டரி ரெண்டு ஜோடியும் சார்ஜ் ஏறல. காலையில ரோட்டோரம் ஒருத்தன் வித்துட்டிருந்தான். ரீசார்ஜபிள்தான், சார்ஜ் பண்ணியே விக்கறேன், நம்பரைப் பாரு, நீ வெச்சிருக்கிறதவிட டபுள்னான். நாலு வாங்கினேன். நாலும் ரெண்டு பாப்பா போட்டோவுக்கே தீந்துபோச்சு."

அந்த மாதிரி பேட்டரி உங்களிடமும் விற்க வருவார்கள். மேலே எந்த நம்பர் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதைக் கேட்க ஆள் இல்லை. கையில் வாங்கினாலே தெரியும், நல்ல பேட்டரி கனமாக இருக்கும், இது தக்கை மாதிரி இருந்தது. ஆனால் இதையெல்லாம் சேகருக்கு விளக்க அது நேரமில்லை. அவர் நல்லதுக்குத்தான் செய்தார். "பெட்டிக்கடையில பென்சில் பேட்டரி இருக்குமா?" என்று மட்டும் கேட்டேன்.

ஓடிப்போய் வாங்கி வந்தார். கடையில் மிச்சம் இருந்ததே இரண்டுதான். கடிகாரத்துக்குப் போடுகிற சாதா பேட்டரி.

இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சாதா பேட்டரி கடிகாரத்தில் மாதக்கணக்கில் ஓடும். டிஜிட்டல் கேமரா கேட்கிற கரண்ட்டை அதால் கொடுக்க முடியாது. ஃபிளாஷ் அடித்தால் அதோடு சரி. திரையைப் போட்டாலும் கொஞ்ச நேரம்தான். ஒரு படம் வரும், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. எடுத்த கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடித் திரையில் காட்டுகிற வழக்கமான வேலை இன்றைக்கு நடக்காது. படம் கார்டில் ஏறினால் போதும், கார்டை மட்டும் கடைக்கு அனுப்பிப் பிரிண்ட் போட வேண்டும்.

முதலில் பந்தலில் இருந்த போனிலிருந்து கடைக்குப் போட்டேன். படம் எடுத்த பிறகு பேசியிருக்கலாம், ஆனால் பௌர்ணமி அன்றைக்கு மெஷினில் ஆர்டர் வரிசை கட்டி நிற்கும், சேகர் போய் வரிசையில் நின்றால் எல்லாம் வீண். முதலாளிதான் எடுத்தார். ஒரு நிமிஷத்தில் சொன்னேன்.

"கார்டை அனுப்பு. ஓடற ஆர்டரை நிறுத்தி வெக்கறேன்" என்றார்.

பிறகு பேட்டரி போடாமலே தனலட்சுமியிடம் எல்லாம் சொன்னேன். ஆன் செய்ததும் முதல் வேலை ஃபிளாஷை நிறுத்துவது. அடுத்தது திரையை நிறுத்துவது. ஜன்னல் வழியாக மட்டும் பார்ப்பது.

"நீங்களே எடுங்கம்மா. நான் கெடுத்துடுவேன்" என்றார்.

எடுத்திருக்கலாம்தான். எனக்கு அனுபவம் ஜாஸ்தி. ஆனால் நான் பக்கத்தில் போனாலே அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தனலட்சுமியின் முந்தானையை இன்னும் விட்டபாடில்லை. தெரிந்த கையைவிட அவர் நம்புகிற கை முக்கியம் என்று தோன்றியது. "இல்லைங்க, நீங்கதான் எடுக்கணும். பாதி அழுத்தி மூச்சை நிறுத்துங்க, அவ்ளோதான்" என்றேன்.

பந்தலுக்குள் இருட்டாக இருந்தது. அடி அண்ணாமலை மலைக்கு மேற்குப் பக்கம், அங்கே வெளிச்சம் கொஞ்சம் தங்கித்தான் போகும். பெஞ்சோடு அவரைப் பந்தலுக்குப் பின்பக்கம், மேற்கே வயலைப் பார்த்த மாதிரி கொண்டுபோய் உட்கார வைத்தோம். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் வெயில் நேராக முகத்தில் விழுந்தது. அவர் உடனே தலையைக் குனிந்துகொண்டார். இழுத்திருந்த பக்கத்தை இடது கையால் மூடினார்.

சேகர் மோவாயைப் பிடித்து நிமிர்த்தப் போனார். தனலட்சுமி அவர் கையைத் தட்டிவிட்டார். பேட்டரியைப் போட்டு, சொன்னபடி ஃபிளாஷையும் திரையையும் நிறுத்தி, அவருக்கு முன்னால் மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்தார். குனிந்த முகத்துக்குக் கீழே தனலட்சுமியின் முகம் இருந்தது. தெலுங்கில் மெதுவாக என்னவோ சொன்னார். குழந்தைகளிடம் பேசுகிற குரல் இல்லை அது. கூடப் பிறந்தவரிடம் பேசுகிற மாதிரி இருந்தது. அந்த மனிதர் முகத்திலிருந்து கையை எடுத்தார். நிமிர்ந்தார். கேமரா மெல்லச் சத்தம் போட்டது.

"வந்துச்சா? காட்டுங்க, காட்டுங்க" என்று சேகர் குனிந்தார்.

"பாக்க வேண்டாம்" என்றேன். "பாக்கறதுக்குச் செலவாகிற கரண்ட்ல இன்னொண்ணு எடுங்க."

முதல் படம் ஆடியிருந்தால் பார்த்து என்ன பயன்? அதற்குள் பேட்டரி போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது. நன்றாக வந்திருந்தால் பார்க்காவிட்டாலும் அது கார்டில் இருக்கும். தனலட்சுமி இரண்டாவதை எடுத்தார். சின்ன விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. கார்டில் எழுதி முடிக்கும்வரை தொடாதீர்கள் என்று நான் சேகரின் கையைப் பிடித்துக்கொண்டேன். விளக்கு நின்றது. லென்ஸ் பாதி உள்ளே போய் அப்படியே நின்றுவிட்டது. பேட்டரி அவ்வளவுதான்.

கார்டை ஒரு விபூதிப் பொட்டலக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். சேகர் அதைச் சட்டைப் பையில் வைத்து, ஊருக்குப் பின்னால் வயல் ஓரமாகப் போகும் மண் பாதையில் மொபெட்டை விட்டார்.

பிறகு காத்திருப்பதுதான். இந்த நேரம்தான் கஷ்டமான நேரம். இரண்டு படமும் வராமல் போயிருந்தால்? தனலட்சுமி அவரைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்து மோர் கொடுத்தார். இந்தத் தடவை குடித்தார். பாதி தாடையில் வழிந்தது, தனலட்சுமி துடைத்துவிட்டார். நிலா மலைக்குப் பின்னாலிருந்து ஏறி வந்தது. அவர் எழுந்து போகப் பார்க்கவில்லை. தனலட்சுமி எழுந்து மைக்குப் பக்கம் போனால் மட்டும் அந்தச் சத்தம் வந்தது.

சேகர் பிறகு சொன்னது இது. முதல் படத்தில் முகம் ஆடியிருந்ததாம். இரண்டாவது பளிச்சென்று வந்திருந்தது. முதலாளியே மெஷினில் நின்று ஒரு கட்டு பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, "ஆந்திரா பஸ்ஸெல்லாம் நிக்கற இடத்துக்கு முதல்ல போ" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அங்கே இரண்டாவது வரிசையில் ஒரு டிரைவர் படத்தைப் பார்த்ததும் இறங்கி ஓடி வந்தாராம். சித்தூர்ப் பக்கத்து ஊர். அவர்கள் பஸ்ஸில் வந்தவர்தான். மனைவி அவரைத் தேடிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போயிருக்கிறார், கூட்டத்துக்கு எதிராக, தனியாக. பஸ்ஸை நிறுத்தி வைக்கிறேன் என்று டிரைவர் சொன்னார். சேகர் ஒவ்வொரு பந்தலாகப் படத்தைக் காட்டிக்கொண்டே வந்தார். நாங்கள் இருந்த இடத்துக்கு இரண்டு பந்தல் முன்னால் ஒரு அம்மாள், கணவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கம்மிப்போய் உட்கார்ந்திருந்தார். படத்தை அவர் பிடுங்கிக்கொண்டாராம்.

மொபெட்டின் பின்னால் அந்த அம்மாள் வந்து இறங்கியதைப் பார்த்தேன். ஓடி வரவில்லை. நடந்து வந்து, கணவர் எதிரே நின்று, "எக்கடிக்கி போயாவய்யா, எக்கடிக்கி" என்று, எங்கே போனீர்கள் என்று தெலுங்கில் கேட்டபடி அவர் தோளில் அடித்தார். அடித்துக்கொண்டே கையை எடுக்காமல் தோளிலேயே வைத்துக்கொண்டார். கணவர் அந்தச் சத்தத்தைப் போட்டார், விட்டு விட்டு, நீளமாக. என்னவெல்லாம் சொன்னார் என்று அந்த அம்மாளுக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்தார்.

பிறகுதான் கையில் கசங்கியிருந்த படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். தனலட்சுமியிடம் என்னவோ கேட்டார்.

"இது எப்படி எடுத்தீங்கன்னு கேக்கறாங்க" என்று தனலட்சுமி எனக்குச் சொன்னார். "பேச்சு போனதுலேர்ந்து அவரு போட்டோவுக்கே நிக்க மாட்டாராம். மக கல்யாணத்துல மேடைக்கே வரலையாம்."

"அப்படி என்னதான் சொன்னீங்க அவர்கிட்ட?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா. நானும் இப்பதான் கேமரா பிடிக்கக் கத்துக்கறேன், கெடுத்துட்டா இவங்க திட்டுவாங்க, கொஞ்சம் ஒத்தாசை பண்ணு அண்ணான்னு சொன்னேன்."

தனலட்சுமி படத்தை வாங்கி அதன் பின்பக்கம் அவர் பெயர், ஊர், மகளின் போன் நம்பர் எல்லாவற்றையும் கேட்டு எழுதினார். இனி வெளியே கூட்டிப்போனால் இது அவரிடமே இருக்கட்டும் என்று தெலுங்கில் சொன்னார். மனைவி அதைச் சட்டைப் பையில் வைக்கப் போனார். அவர் இடது கையை நீட்டினார்.

கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். சட்டைப் பையும் இடது பக்கம்தான், அந்தக் கையாலேயே அங்கே வைப்பது கஷ்டம். மணிக்கட்டு வளையவில்லை, படத்தின் முனை பையின் வாயில் இடித்துக்கொண்டே இருந்தது. சேகர் உதவப் போனார். "விடு சேகர், அவரே வைக்கட்டும்" என்றார் தனலட்சுமி. நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். படம் உள்ளே போனதும் அவர் பையின் மேல் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, எழுந்து நின்று, மனைவியின் பக்கம் கையை நீட்டினார்.